சோயா முனை அமைதிப் பூங்கா: ஜப்பானின் வட கோடிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹொக்கைடோவில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், சுற்றுலா வரும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் சோயா முனைக்கு வழி கேட்பார்கள். சிலரை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. வருகிறவர்களில் பலர் கடலோரத்து முக்கோணச் சின்னத்தின் முன் நின்று படமெடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு பூங்கா இருப்பதைக் கவனிப்பதே இல்லை. சோயா முனைக்குப் போகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டியது அந்த மேட்டைத்தான் என்பது என் எண்ணம்.

சோயா முனை எங்கே இருக்கு? சோயா பீன்ஸுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தமா?

சம்பந்தம் இல்லை. இந்தப் பெயர் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. பாறைகள் நிறைந்த கரை என்பது போன்ற பொருள். பக்கத்து ஊரான வக்கனாயின் பெயரும் ஐனு மொழிதான், குளிர்ந்த நீர் ஓடும் ஓடை என்று அர்த்தம்.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் வடக்கே இருப்பது ஹொக்கைடோ. அதன் வடநுனிதான் சோயா முனை. வக்கனாய் நகரத்திலிருந்து கிழக்கே கடலை ஒட்டியே சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். எதிரே தெரியும் கடல் சோயா நீரிணை. அதைத் தாண்டி சுமார் 43 கிலோமீட்டரில் ரஷ்யாவின் சகாலின் தீவு.

பூங்கான்னா டிக்கெட் இருக்கா? எத்தனை மணிக்குத் திறப்பாங்க?

டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. நள்ளிரவில் போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். வண்டி நிறுத்தவும் காசு இல்லை. பொதுக் கழிப்பறை கீழே வாகன நிறுத்தத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

சப்போரோவிலிருந்து எப்படிப் போறது?

ரயிலில் போவதென்றால் சோயா என்றே பெயர் கொண்ட விரைவு ரயில் ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவிலிருந்து நேராக வக்கனாய்க்குப் போகிறது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். 396 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதை விட்டால் அசாஹிகாவாவில் மாறிப் போகலாம். தொலைதூரப் பேருந்தும் உண்டு, அதற்குச் சுமார் ஆறு மணி நேரம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்தும் சப்போரோவின் ஷின் சிதோசேயிலிருந்தும் வக்கனாய்க்கு விமானமும் இருக்கிறது.

வக்கனாய் ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம். அங்கிருந்து சோயா முனைக்குச் சுமார் 50 நிமிடப் பயணம். போகவர ஒரே சீட்டாக வாங்கினால் கொஞ்சம் மலிவு. ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான் ஓடுகின்றன. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால், அங்கே டாக்சி நின்றுகொண்டிருக்காது.

கார் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தி சாய்ந்தால் சாலையில் மான்கள் குறுக்கே வரும், ஒன்றின் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும். முதல் மான் போய்விட்டதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள்.

காலையில கிளம்பி ராத்திரி சப்போரோ திரும்பிட முடியுமா?

ரயில் நேரத்தை மட்டும் பார்த்தால் முடியும். காலையில் கிளம்பும் ரயில் மதியம் சேர்க்கும், மாலையில் திரும்பும். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் ரயிலில், முனையில் ஒரு மணி நேரம் சொச்சம் என்று கணக்கு வரும். பனியோ புயலோ வந்து ரயில் ரத்தானால் அந்தக் கணக்கும் போச்சு. வக்கனாயில் ஒரு இரவு தங்குங்கள். நகரத்திலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த மாசம் போனா நல்லது? ஸ்வெட்டர் வேணுமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆகஸ்டிலேயே சராசரி வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜனவரியில் சராசரி மைனஸ் நான்கு ஐந்து. அந்த எண் பெரிய குளிராகத் தெரியாமல் இருக்கலாம், இங்கே ஆளை அசைப்பது காற்று. ஜூலையிலும் காற்றுப் புகாத ஒரு மேல்சட்டை இருக்கட்டும். குடையை நம்பாதீர்கள், விரித்த நொடியில் மடங்கிவிடும். தலையை மூடும் மழைச்சட்டைதான் உதவும்.

கோடையில் சூரியன் மிகச் சீக்கிரம் உதிக்கும். ஜூனில் நாலு மணிக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பரில் மாலை நாலுக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளும்படி திட்டமிடுங்கள்.

எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்த முக்கோணம் என்ன?

அது ஜப்பானின் வட கோடி நிலம் என்பதைக் குறிக்கும் சின்னம். துருவ நட்சத்திரத்தின் ஒரு முனையை மனதில் வைத்து வடிவமைத்தது. கடலை ஒட்டியே நிற்கிறது. பக்கத்தில் உள்ள இசைக்கல்லிலிருந்து இந்த முனையைப் பற்றிய பாட்டு ஒலிக்கும். படமெடுக்க வரிசை இருந்தாலும் சீக்கிரம் நகர்ந்துவிடும், ஒருவருக்கொருவர் போனை வாங்கிப் படமெடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். வட கோடிக்கு வந்து சேர்ந்ததற்கான சான்றிதழை எதிரே உள்ள நினைவுப்பொருள் கடைகளில் வாங்கலாம்.

அதை விட்டா அங்க பார்க்க வேற என்ன இருக்கு?

முக்கோணத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு தெரியும். சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த கலங்கரை விளக்கம் நிற்கிறதே, அந்த மேடுதான். சோயா முனையில் முதலில் விளக்கேற்றியது 1885-ல். பனியில் வெறும் வெள்ளைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியாது, அதற்காகத்தான் சிவப்புப் பட்டை.

அந்த மேட்டில்தான் அமைதிப் பூங்கா. கொக்கு வடிவில் உயர்ந்து நிற்கும் பிரார்த்தனைக் கோபுரம், உலக அமைதி மணி, நீர்மூழ்கிக் கப்பலில் இறந்தவர்களுக்கான கல், பழைய கடற்படைக் காவல் கோபுரம் எல்லாம் சில நிமிட நடைக்குள். பால் உற்பத்தியைக் கொண்டாடும் ஆண் பெண் சிலை ஒன்றும் உண்டு. அதை நின்று பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, மற்றவற்றை விடாதீர்கள்.

அந்தக் கொக்கு கோபுரம் யாருக்காகக் கட்டினது?

1983 செப்டம்பர் 1 அதிகாலை. நியூயார்க்கிலிருந்து கிளம்பி அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, சியோலுக்குப் போய்க்கொண்டிருந்தது கொரியன் ஏர் லைன்ஸின் 007-ஆம் எண் விமானம். போயிங் 747. அலாஸ்காவை விட்டதிலிருந்தே அது குறித்த பாதையை விட்டு மெல்ல மெல்ல வடக்கே விலகிக்கொண்டிருந்தது. தானியங்கிக் கருவி வழிகாட்டும் அமைப்போடு சேராமல், ஒரே திசையைப் பிடித்தபடி ஓட விடப்பட்டிருந்தது என்று பன்னாட்டு சிவில் விமான அமைப்பு 1993-ல் சொன்னது. விமானிகளுக்கு அது தெரியவில்லை. சோவியத் யூனியனின் கம்சட்காவுக்கு மேலேயும், அப்புறம் சகாலினுக்கு மேலேயும் பறந்துவிட்டது. சோவியத் போர்விமானம் ஒன்று அதை ஏவுகணையால் சுட்டது. சகாலினுக்கு மேற்கே, மோனெரோன் தீவுக்குப் பக்கத்துக் கடலில் அது விழுந்தது. உள்ளே இருந்த 269 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கோபுரத்தின் அளவுகளே அந்த நாளைச் சொல்லும்படி கட்டியிருக்கிறார்கள். உயரம் 19.83 மீட்டர், அது நடந்த ஆண்டு. சிறகுகள் 16, இறந்தவர்களின் தாய்நாடுகள் அத்தனை. பதித்திருக்கும் வெள்ளைக் கற்கள் 269. கொக்கின் அலகு விமானம் விழுந்த கடலைப் பார்த்து நீண்டிருக்கிறது. நான் முதல் தடவை போனபோது இதெல்லாம் தெரியாமல் அழகான சிற்பம் என்றுதான் நினைத்தேன். எண்களைப் படித்த பிறகு கற்களை எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டுவதற்குள் கண் மங்கிவிட்டது.

இந்தச் சம்பவத்துக்கும் வக்கனாய்க்கும் என்ன தொடர்பு? விமானம் கொரியாவோடது, சுட்டது சோவியத்தாச்சே?

முதல் தொடர்பு கடல். இறந்தவர்களின் உடல் பாகங்களும் உடைமைகளும் நீரோட்டத்தில் ஹொக்கைடோவின் வடகரைக்கு வந்து ஒதுங்கின. செருப்பும் துணியும் கரையேறிய ஊர்கள் இவை. உறவினர்கள் அழுதுகொண்டே கப்பலேறிக் கடலில் பூக்களை விட்டதும் இந்தத் துறைமுகத்திலிருந்துதான்.

இரண்டாவது தொடர்பு ஒலிநாடா. வக்கனாயில் இருந்த ஜப்பானியக் கண்காணிப்பு நிலையம் சோவியத் விமானி தரையோடு பேசியதைப் பதிவு செய்திருந்தது. சோவியத் அரசு முதலில் சுட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. செப்டம்பர் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அந்தப் பதிவை எல்லோர் முன்னும் போட்டுக் காட்டினார்கள். விமானத்தின் கறுப்புப் பெட்டிகளை சோவியத் கப்பல்கள் எடுத்து ஒளித்து வைத்திருந்ததோ, 1992-ல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் காலத்தில்தான் வெளியே வந்தது. உண்மைக்காகக் குடும்பங்கள் கிட்டத்தட்ட பத்து வருடம் காத்திருந்தன.

மூன்றாவது தொடர்பு உங்கள் கையில் இருக்கிறது. விமானம் விழுந்து இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் அமைப்பு முழுமையானதும் எல்லா நாட்டு மக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. இனி ஒரு விமானம் இப்படி வழி தவறக் கூடாது என்பது காரணம். கோபுரத்தின் அடியில் நின்று போனில் வரைபடத்தைத் திறந்தால் ஒரு நீலப் புள்ளி, நீங்கள் நிற்கும் இடம், அதற்கு மேலே வெறும் கடல். நான் கூட்டிப்போகிறவர்களிடம் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்வேன்.

எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஜப்பான்ல ஏன் நினைவுக்கல் வெச்சிருக்காங்க?

அந்தக் கப்பலின் பெயர் வாஹூ. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கப்பல்களை அதிகம் மூழ்கடித்த அமெரிக்க நீர்மூழ்கிகளில் ஒன்று. 1943 அக்டோபர் 5 அன்று அது தாக்கிய கொன்ரோன் மாரு என்ற பயணிக் கப்பலில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 11 அன்று, சோயா நீரிணை வழியாக வெளியேறும்போது ஜப்பானிய விமானங்களும் கப்பல்களும் அதை மூழ்கடித்தன. உள்ளே இருந்த சுமார் 80 பேரும் மாண்டார்கள். எங்கே கிடக்கிறது என்பதே அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறுதியாகத் தெரியாமல் இருந்து, 2006-ல்தான் இந்த நீரிணையின் அடியில் கண்டுபிடித்தார்கள்.

1995-ல், போர் முடிந்து ஐம்பதாவது ஆண்டில், இரண்டு தரப்பினரும் சேர்ந்து இந்தக் கல்லை நிறுவினார்கள். வாஹூவில் இறந்தவர்களும் அமெரிக்க நீர்மூழ்கிகளால் இறந்த ஜப்பானியர்களும் ஒரே கல்லில் நினைவுகூரப்படுகிறார்கள். அப்பாவை இழந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள், அவர்கள் ஒன்றாக நின்று கல்லை நட்டார்கள். இந்தப் பூங்காவில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். சின்னக் கல், பலர் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள்.

கல்லால கட்டின அந்தப் பழைய கோபுரம்?

1902-ல் ஜப்பானியக் கடற்படை கட்டிய காவல் கோபுரம். ரஷ்யாவோடு போர் மூளும் என்று தெரிந்து, நீரிணையைக் கடக்கும் கப்பல்களைப் பார்த்துச் சொல்ல வைத்தது. இரண்டு ஆண்டில் போரும் வந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போரிலும் இங்கிருந்து நீர்மூழ்கிகளைக் கண்காணித்தார்கள். வாஹூவின் கல் பக்கத்திலேயே இது நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அமைதி மணியை நாமும் அடிக்கலாமா?

அடிக்கலாம். பல நாட்டு நாணயங்களை உருக்கிச் சேர்த்து வார்த்த மணி இது, 1988-ல் வைத்தது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்துக்கு ஜப்பான் 1954-ல் கொடுத்த மணியின் வழியில் வந்தது. ஒரு தடவை அடித்துவிட்டுக் கையை எடுத்து, ஒலி அடங்கும் வரை காத்திருங்கள். குழந்தைகள் திரும்பத் திரும்ப அடிக்க ஆசைப்படும், பக்கத்தில் யாராவது கண்மூடி நின்றுகொண்டிருக்கலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கீழே கடலைப் பார்த்துக்கிட்டு வாளோட நிக்கிற சிலை யாரு?

மாமியா ரின்சோ. 1808-ல் இந்தக் கரையிலிருந்து சகாலினுக்குப் படகில் போனவர். சகாலின் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியதா, தனித் தீவா என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அடுத்த ஆண்டு உள்ளூர் மக்களின் துணையோடு நடுவிலுள்ள கடலைக் கடந்து, அது தீவுதான் என்று உறுதிப்படுத்தினார். சகாலினுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள குறுகலான நீர்ப்பரப்பை ஜப்பானியர்கள் இன்றும் மாமியா நீரிணை என்கிறார்கள். சிலை 1980-ல் வைத்தது.

சகாலின் நிஜமாவே தெரியுமா?

வானம் தெளிவாக இருந்தால் தெரியும். அடிவானத்தில் நீலமாக, தட்டையான ஒரு மேகம் நகராமல் நிற்பது போல இருக்கும். கீழே முக்கோணத்திடம் நிற்பதைவிட மேட்டில் நின்றால் தெளிவாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வாய்ப்பு அதிகம். கோடையில் கடல்மூடுபனி வந்து மறைத்துவிடுவதும் சகஜம். நான் போன நாட்களில் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அங்கேருந்து கப்பல்ல சகாலினுக்குப் போகலாமாமே?

ஒரு காலத்தில் வக்கனாயிலிருந்து கோர்சகோவ் துறைமுகத்துக்குக் கோடையில் கப்பல் ஓடியது. இப்போது இல்லை. ஊரின் சாலைப் பலகைகளில் ரஷ்ய எழுத்து இருப்பது அந்த நாட்களின் மிச்சம். வக்கனாயிலிருந்து இப்போது கப்பலில் போகக்கூடியவை ரிஷிரி, ரெபுன் தீவுகள்தான்.

வெள்ளைப் பாதைன்னு ஒண்ணு படத்துல பார்த்தேன். அது பூங்காவுக்குள்ளேயா?

பூங்காவுக்குப் பின்னால் விரியும் சோயா குன்றுகளில் இருக்கிறது. பனியுகத்தில் மண் திரும்பத் திரும்ப உறைந்து உருகியதால் வழவழவென்று உருண்ட குன்றுகள் இவை. மரமே இல்லாத பச்சை மேடுகளில் கறுப்பு மாடுகள் மேயும், காற்றாலைகள் சுழலும். 2005-ல் 57 காற்றாலைகளோடு தொடங்கிய காற்றாலைப் பண்ணை அது. இந்த ஊருக்கு வாய்த்த காற்றுக்கு அது பொருத்தம்தான்.

அந்தக் குன்றுகளில் நடைபாதையின் ஒரு பகுதிக்கு ஸ்காலப் சிப்பி ஓடுகளை நொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடலின் பெரிய தொழிலே அந்தச் சிப்பிதான், ஓடுகள் மலைபோல் மிஞ்சும். காலடியில் நறநறவென்று நொறுங்கும், குனிந்து எடுத்தால் விசிறி மாதிரி வரிகளோடு சின்னச் சின்னத் துண்டுகள். வெயிலில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். முனையிலிருந்து முழு நடைபாதையும் சுமார் 11 கிலோமீட்டர். பனிக்காலத்தில் போக முடியாது. கரடி நடமாட்டம் பற்றிய அறிவிப்பு இருந்தால் கட்டாயம் மதியுங்கள்.

நடைபாதை முடியும் சோயா பூங்காவில் காப்பிக் கொட்டை வடிவில் ஒரு நினைவுக்கல் உண்டு. ரஷ்யர்கள் வருவார்கள் என்று 1807-ல் சுகாரு பகுதியிலிருந்து காவலுக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பலர் குளிராலும் உடல் வீங்கும் நோயாலும் இறந்துபோனார்கள். 1855-ல் மறுபடி வந்தவர்களுக்கு அந்த நோய்க்கு மருந்தாகக் காப்பிக் கொட்டை கொடுத்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் அந்தக் கல்.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

முனையில் கிடைப்பது கஷ்டம். ஸ்காலப் போட்ட ராமென் என்ற நூடுல்ஸ் சூப்தான் அங்கே பிரபலம். காய்கறி ராமென் என்று எழுதியிருந்தாலும் சாறு இறைச்சியிலோ மீனிலோ காய்ச்சியதாக இருக்கும். வக்கனாயில் பேருந்து ஏறும் முன்பே கடையில் உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்றுருண்டை, ரொட்டி, வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குடுவையில் சூடான டீ இருந்தால் மேட்டில் நிற்கும்போது அருமை தெரியும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்காலப்பை விட வேண்டாம். இவ்வளவு புதிதாக வேறெங்கும் கிடைக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேட்டுக்கு ஏற முடியுமா?

முக்கோணம் இருக்கும் இடம் சமதளம், சக்கர நாற்காலியும் போகும். மேட்டுக்குப் படிகளில் ஏறுவது கால்வலிக்காரர்களுக்குச் சிரமம். காரில் வந்தால் சாலையிலேயே மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம். வயதானவர்களோடு வந்தால் பஸ்ஸைவிட வாடகைக் கார் எடுப்பதே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். காற்று பலமாக இருந்தால் கதவைத் திறக்கும்போது கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிரார்த்தனைக் கோபுரத்துக்கு முன்னாடி போட்டோ எடுத்தா தப்பா?

தடை எதுவும் இல்லை. எல்லோரும் எடுக்கிறார்கள். பூங்காவின் மற்ற இடங்களில் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கோபுரத்தின் முன்னும் வாஹூ கல்லின் முன்னும் குதித்துக்கொண்டும் விரலைக் காட்டிக்கொண்டும் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒருமுறை அந்தக் கல்லின் அடியில் யாரோ திறக்காத காப்பி டின் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பறக்காமலிருக்க அதற்குக் கூழாங்கல் அணை கொடுத்திருந்தார்கள். இங்கே வருகிறவர்களில் இன்றும் துக்கத்தோடு வருகிறவர்கள் உண்டு.

செப்டம்பர் 1-ல போனா ஏதாவது நடக்குமா?

அன்று அஞ்சலி செலுத்துவார்கள். வக்கனாய் நகரம் அந்த நாளைக் குழந்தை வளர்ப்புக்கும் அமைதிக்குமான நாளாகக் கடைப்பிடிக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி நின்று கலந்துகொள்ளலாம். அடக்கமான உடையில் போங்கள்.

நிஜமாவே இதுதான் ஜப்பானோட வட கோடியா? இல்லைன்னு ஒருத்தர் சொன்னார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. முனையிலிருந்து வடமேற்கே கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் பெந்தென்ஜிமா என்ற பாறைத்தீவு இருக்கிறது. ஆள் குடியில்லாத அது சோயா முனையைவிட இன்னும் வடக்கு. அதைத் தாண்டி, ஜப்பான் தனக்குச் சொந்தமென்று சொல்லும் எதொரோஃபு தீவின் கமோய்வக்கா முனை அதைவிடவும் வடக்கு. அந்தத் தீவு 1945-லிருந்து ரஷ்யாவின் கையில் இருக்கிறது. ஜப்பான் அரசின் கணக்குப்படி வட கோடி அதுதான்.

அப்படியானால் முக்கோணம் பொய் சொல்கிறதா? இல்லை. சாதாரண மனிதர் யாரும் அனுமதி வாங்காமல் நடந்து போய் நிற்கக்கூடிய வட கோடி நிலம் சோயா முனைதான். எதிரே உள்ள கடலும் கொஞ்சம் விசேஷம். வழக்கமாகக் கரையிலிருந்து 12 கடல்மைல் வரை ஒரு நாட்டின் எல்லை. சோயா உள்ளிட்ட சில நீரிணைகளில் ஜப்பான் அதை 3 கடல்மைலாகச் சுருக்கி வைத்திருக்கிறது, அதனால் நடுவே எந்த நாட்டுக் கப்பலும் தடையில்லாமல் போகும்.

வக்கனாய் நகரத்துல பார்க்க வேண்டிய இடம்னு சொன்னீங்களே, அது எது?

நகரத்தின் மேல் குன்றில் இருக்கும் வக்கனாய் பூங்கா. அங்கே 1963-ல் எழுப்பிய பனி வாசல் என்ற சின்னம் இருக்கிறது. எட்டு மீட்டர் உயரத் தூண்கள் இரண்டுக்கு நடுவே கைகளை விரித்து நிற்கும் ஒரு பெண். சகாலினின் தென்பாதி 1945 வரை ஜப்பானிடம் இருந்தது. போர் முடிவில் வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்களின் நினைவுக்காக வைத்தது அது.

பக்கத்திலேயே ஒன்பது பெண்களுக்கு ஒரு கல். சகாலினின் மவோக்கா ஊர் அஞ்சல் நிலையத்தில் தொலைபேசி இணைப்பாளர்களாக வேலை செய்த பெண்கள். ஜப்பான் சரணடைந்து ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று சோவியத் படை ஊருக்குள் இறங்கியபோதும் இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நஞ்சருந்தி உயிரை விட்டார்கள். எல்லோருக்கும் இதுவே கடைசி, சாயோனாரா, சாயோனாரா என்று அவர்கள் சொன்ன விடை அந்தக் கல்லில் இருக்கிறது. கடைசி வரை எட்டாத அந்தக் கரையைப் பார்த்தபடி கல் நிற்கிறது. காலையில் இங்கே போய்விட்டு மதியம் சோயா முனைக்குப் போனால், கொக்கின் அலகு காட்டும் கடலை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதை முதல்ல பார்க்கணும்?

இறங்கியதும் முக்கோணத்தைக் கும்பல் சூழ்ந்திருந்தால் அதை விட்டுவிட்டு நேராக மேட்டுக்கு ஏறுங்கள். கோபுரம், வாஹூ கல், காவல் கோபுரம், மணி என்று நாற்பது நிமிடம். மீதி நேரத்தில் இறங்கி வந்து படமெடுத்துக்கொள்ளலாம். மூடுபனி சூழ்ந்து கடலே தெரியாத நாளானாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் சகாலின் தெரியாது, பத்தடி தள்ளி நிற்பவரும் மங்கலாகத்தான் தெரிவார். யாரோ மேலே மணியடிப்பது மட்டும் சாலை வரைக்கும் கேட்கும்.